எண்ணிக்கை: பதினொன்று

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில்
என் முறை மூன்றாவது.
முதலில் ஒரு கண்ணீர் அஞ்சலி,
அடுத்தது காதுகுத்து,
அப்புறம்தான்
தென்னங்கள்ளில் வாழும் ஈஸ்ட்டுகள்.
"போட்டோ எதுவும் இல்லீங்களா?
ஓரத்துல ஒரு பூவாச்சும்?"
வேண்டாம் என்றேன்.
மை காயுமுன் சுருட்டித் தந்தார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்
மைக்ரோ என்ற குறி வரவேண்டிய இடமெல்லாம்
காலியாக ஒரு சின்னக் கட்டம்.
இருபத்திமூன்று கட்டங்கள்.
பக்கத்து சீட்டு அக்கா
தக்காளிக் கூடையைக் காலுக்கிடையில் தள்ளிவிட்டு
மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
நீலப் பேனாவால் ஒவ்வொன்றாக வால் வரைந்தேன்.
வேகத்தடையில் ஒரு வால்
அடுத்த பத்திக்குள் ஓடிப்போனது.

கோபாலபுரம் செக்போஸ்ட்.
எக்சைஸ்காரர் குழாயைத் தட்டினார்:
"எந்தா இதில்?"
"கள்ளு சார்."
வாய் தவறிவிட்டது.
மூடியைத் திறந்து மோந்து பார்த்து
சிரித்தபடி திருப்பித் தந்தார்.
போன சித்திரையில் இதே சாலையில்
எதிர்த்திசையில்
ஐஸ்பெட்டியும் துறைத்தலைவர் கடிதமுமாக
நின்றிருக்கிறேன்.
பெட்டிக்குள் பதினோரு குப்பிகள்
மூடியைத் தள்ளித் தள்ளி நுரைத்துக்கொண்டிருந்தன.
அன்று யாரும் சிரிக்கவில்லை.

மூன்று நிமிடம்தான் தருவார்கள்.
ஹாஸ்டல் வராந்தாவில் ரம்சீனா
ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"நாலு நிமிஷம் பத்து செகண்ட். எதையாச்சும் வெட்டு."
காற்றின் ஈரப்பதத்தை வெட்டினேன்.
பாளை சீவும் நேரத்தை வெட்டினேன்.
ஆறுச்சாமி அண்ணனுக்குச் சொன்ன நன்றியை
சின்ன எழுத்தில் அடியில் போட்டுவிட்டு
வாயிலிருந்து வெட்டினேன்.
இரண்டு ஐம்பத்தைந்து.

பாலக்காட்டில்
கழிவறைக்கும் டீ மேசைக்கும் நடுவில்
பலகை எண் நாற்பத்தேழு.
அடையாள அட்டையில் என் பெயர்
தேன்மொழி இல்லை, தென்மொழி.
பழம்பொரிக்கு வந்தவர்கள்
எண்ணெய் விரலோடு என் வரைபடத்தைச் சுட்டினார்கள்.
ஒருவர் குனிந்து, நெடுநேரம்,
மேற்கோள் பட்டியலில் தன் பெயரைத் தேடினார்.
இல்லை.
போய்விட்டார்.

நடுவராக வந்த அம்மா மட்டும்
எல்லாவற்றையும் வாசித்தார்.
"பன்னிரண்டு மரம் என்று தொடங்குகிறீர்கள்.
முடிவில் பதினொன்று.
ஒன்று எங்கே?"

கொழிஞ்சாம்பாறையில், அன்று,
காலை ஏழரை மணிக்கு
பன்னிரண்டாவது குப்பியின் வாயில்
என் விரல் பட்டுவிட்டது.
விரலில் கிருமி இருக்கும்.
"இன்னொருக்கா எடுத்துத் தர்றீங்களாண்ணா?"
அவர் ஒன்றும் சொல்லாமல்
இடுப்புக் கத்தியைச் சரிசெய்துகொண்டு
திரும்ப ஏறினார்.
நான் புதுக் குப்பியில் எண் எழுதிக்கொண்டிருந்தேன்.
சத்தம் கேட்டது.
மட்டை விழுகிறதென்று
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மயிலாத்தா கேட்டது ஒன்றுதான்:
"எறங்கின மரத்துல
ரெண்டாந்தடவை எதுக்கு ஏறினாரு?"

"மாதிரி மாசுபட்டுவிட்டது மேடம்."

"பரவாயில்லை. மறைக்காமல் சொன்னீர்களே."
அட்டையில் ஏதோ டிக் செய்தார்.
மணி அடித்தது.
நாற்பத்தெட்டுக்கு நகர்ந்தார்.

பரிசு நெல் பூஞ்சைக்குப் போனது.
எனக்கு ஒரு சான்றிதழ்,
அதிலும் தென்மொழி.

திரும்பும்போது கொழிஞ்சாம்பாறையில் இறங்கினேன்.
இறங்கவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.
ஐப்பசி மழை விட்டிருந்தது.
கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவாறே
ஆறுச்சாமி அண்ணன்
வரைபடப் புள்ளிகளை விரல்விட்டு எண்ணினார்.
பதினொன்றில் விரல் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மயிலாத்தா ஃப்ளெக்ஸைத் தடவிப் பார்த்தார்.
"கெட்டி ஷீட்டு. வேணுமா உனக்கு?"
கொட்டகையில் ஒழுகுகிறது என்றார்.
ஆளுக்கொரு முனை பிடித்து
கூரைமேல் விரித்தோம்,
எழுத்து மழையில் போகாமலிருக்க
அச்சடித்த பக்கம் உள்ளே,
ஆடுகளைப் பார்த்தவாறு.