பொருத்தம் பார்த்தல்

சாதகக்காரர் பத்துக்கு ஏழு என்றார்.
இரத்தம் பார்க்கவில்லை. அது என் தொழில்.

மல்லாவி ஆஸ்பத்திரி ஆய்வுகூடம், மார்கழி இரவு.
கரண்ட் போய் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டிருந்தது.
மழைக்கோட்டுச் சொட்டச் சொட்ட
சாப்பாட்டுக் கரியரோடு வந்தான் கோபிதாஸ்.
"விரலை நீட்டு" என்றேன்.

வெள்ளை ஓட்டில் அவனுடைய ஒரு துளி,
பக்கத்தில் என் சீரம் ஒரு துளி.
குச்சியால் கலந்து ஓட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினேன்.
ஒரு நிமிசம்கூட இல்லை,
திரிந்த பாலைப்போல
சிவப்புத் திப்பி திப்பியாய்ப் பிரிந்தது.
நான் ஓ. அவன் பி.

"இதென்ன, சண்டையோ?"
"ஓம். உன்ர இரத்தத்தை எனக்கு ஏத்தினால்
ஒரு மணித்தியாலம் வைச்சிருக்க மாட்டன்."
பஞ்சை விரலில் அழுத்தியபடி
என் வயிற்றைக் காட்டினான்:
"அப்ப இது?"

இது ஐந்து மாதம். பாதி அவன்.

சோற்றைக் குழைத்தபடி சொல்லத் தொடங்கினேன்.
கருப்பையின் சுவரில் ஒரு கூட்டம் நிற்கும்,
புத்தகத்தில் அதற்குப் பெயர் கொல்லிக் கலங்கள்.
பெயர்தான் அது.
பிள்ளை வந்து ஒட்டியதும்
துவக்கைச் சுவரோடு சாத்திவிட்டு
பிள்ளையின் கலங்களோடு தோளுக்குத் தோள் நின்று
குருதிக் குழாய்களை இளக்கி அகலமாக்கும்.
ஒழுங்கையாய்க் கிடந்தது பெருந்தெருவாகும்.
"நீ மாங்குளத்தில ரோலர் ஓட்டின மாதிரி."
"எனக்கெண்டால் நாட்கூலி தந்தவை" என்றான்.

ஓமந்தையில் என்ன செய்தாய்?
அடையாள அட்டையை நீட்டினேன்.
இங்கேயும் கேட்பார்கள்.
எல்லையில் நிற்கிற பிள்ளையின் கலங்கள்
உன் அடையாளம் பொறித்த அட்டைகளில்
அனேகமானவற்றை மடிக்குள் ஒளித்துவிட்டு,
எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவான ஒன்றை
எடுத்துக் காட்டும்.
அட்டையே இல்லாமல் நிற்கவும் கூடாது,
வெறுங்கையனைத்தான் முதலில் சுடுவார்கள்.
அவன் மெல்லுவதை நிறுத்தினான்.
"அது எனக்குத் தெரியும்."

இன்னும் ஒரு கூட்டம் உண்டு.
கோபித்து எழும்புகிறவர்களின் தோளில் கைவைத்து
இரு, இரு என்று இருத்துகிறவர்கள்.
உன்னோடு படுத்த நாட்களிலேயே
உன்னைப் பழகத் தொடங்கியவர்கள்.
மற்றும்படி என் உடம்பு காவலை விட்டுவிடவில்லை,
போன கிழமைக் காய்ச்சலை அதுதான் துரத்தியது.

சிலவேளை பிசகும்.
போன ஆனியில் பிசகியது.
யார் கையை எடுத்தார்கள், யார் அட்டையை மறந்தார்கள்,
எந்த ஓட்டிலும் தெரியவில்லை.
கரியரை மூடினான். மழை விட்டிருந்தது.

இதெல்லாம் அவனோடு முடிந்திருக்கலாம்.
கிளினிக் நாளில் வருகிற கனகாம்பிகை அக்காவிடமும்
வாய்தவறிச் சொன்னேன், ஊசி நோகாமலிருக்க
ஏதாவது கதைப்பதுதான் வழக்கம்:
பிள்ளை பிறந்து போன பிறகும்
அதன் கலங்கள் சில தாய்க்குள் தங்கிவிடும்.
அவளும் துரத்துவதில்லை.

"எத்தினை வருசத்துக்கு?"
"இருபத்தேழு வருசத்துக்குப் பிறகும் கண்டிருக்கினம், அக்கா.
அதுக்கு மேலயும் இருக்கலாம்."
கட்டவிழ்த்த கையால் விரல் மடித்தாள்.
அவன் பிறந்தது தொண்ணூறு, ஐப்பசி.
வட்டுவாகலில் பதிவுக்கென்று கொடுத்தபோது பத்தொன்பது
நடந்துகொண்டிருந்தது.
ஒரு சுற்று எண்ணி, அழித்து, மறுபடி எண்ணினாள்.

அன்றிலிருந்து மாதம் மாதம்
மற்றக் கையையும் நீட்டுகிறாள்.
"கூடக் கொஞ்சம் எடு பிள்ளை.
இருந்தால் சொல்லு."

எங்கள் நுணுக்குக்காட்டிக்கு அந்த வித்தை தெரியாது.
ஆயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோ,
யாருடையது என்று எழுதியும் இருக்காது.
அவளுக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.
ஆனாலும் நேற்று, எல்லோரும் போனபின்
அவளுடைய ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து
சாயமிட்டுக் காயவைத்து
நெடுநேரம் பார்த்தேன்.
உள்ளே என்னுடையது ஒருமுறை புரண்டது.

அறிக்கையில் சீனியை மட்டும் எழுதினேன்.
நூற்று எண்பத்தாறு.