செயின் இல்லாத வண்டி

செயின் இல்லாத வண்டி என்று
வாங்கும்போது பெருமை.
செயின் என்றால் அறுந்திருக்கும்,
அறுந்தது தெரிந்திருக்கும்.
இதுவோ
ஏற்காட்டுப் பதினாலாம் வளைவில்
பின்சக்கரத்தை மெல்ல நனைத்துவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் நிற்கிறது.

சூரமங்கலம். ஷெட்டில் விரித்த பேப்பரில்
ஜவுளிக்கடை விளம்பரப் பெண்ணின் நெற்றிக்குக்
கறுப்பாய் ஒரு பொட்டு.
சக்கரம் கழற்றவே ஒரு மணி நேரம்.
பழைய சீலை நெம்பினால்
பால்பல் காட்டாத பிள்ளையாக அடம்.
புதியதை நேராக இறக்க
பிவிசி மூடி, ரப்பர் சுத்தியல்,
டார்ச் பிடித்த தில்ஷாத்தின் அதட்டல்:
"சாயுது. அங்க இல்ல, இந்தப் பக்கம்."
தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவள்;
அரை மில்லிமீட்டரும் தப்பாது.

மறுநாள் விடியலில்
அடிவாரம் வரை போய்த் திரும்பினோம்.
மறுபடி ஒரு சொட்டு.

நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள்தான் மேலே காட்டினாள்:
மூச்சுத் துளையில்
மலைச் செம்மண் இறுகிக் கிடந்தது.
முந்தானை ஊக்கை எடுத்துக் கொடுத்தாள்.
குத்தினேன்.
புஸ்ஸென்றது.

எழுநூற்றைம்பது ரூபாய்.
பழைய சீல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது,
நான் நெம்பும் வரைக்கும்.

இப்போது அது சமையல் மேடையில்.
தில்ஷாத் அதன்மேல்
டீ தம்ளர் வைக்கிறாள்.