எதிர்க்கரைப் பேரேடு

ஹல் ஆறு குறுகல். கப்பலை நேராக இறக்கினால்
மூக்கு போய் அக்கரைச் சேற்றில் குத்தும்.
அதனால் ஸ்டாதர்ஸ் பட்டறையில் எப்போதும் பக்கவாட்டில்தான்:
கொழுப்பு தடவிய சட்டங்களில்
ஒரு வீடு சரிவதுபோல் சரியும்.
ஆறு எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டு வரும்.

எதிர்க்கரையில் எல்லர்பி பண்ணை.
கணக்கெழுதச் சேர்ந்த அன்று என் கையில் தந்தது
இந்த நஷ்டஈட்டுப் பேரேட்டை.

1908. மீன்பிடிக் கப்பல். கோழி, ஆறு.
1911. கோஸ் பாத்தி இரண்டு;
வேடிக்கை பார்க்க வந்த பாதிரியாரின் பூட்ஸ், ஒரு ஜோடி.
1913. கோழி, பதினான்கு.
ஓரத்தில் முதலாளியின் பென்சில்:
அந்த அம்மாவிடம் இருப்பதே ஒன்பதுதான்.
கொடுத்திருக்கிறார்கள்.

1916. கடற்கண்ணி வாரும் கப்பல்.
அலை அடுப்படிவரை போயிருக்கிறது.
கேட்கும் தொகைக்கு நேரே ஹெப்சிபா எல்லர்பி:
ஒன்றும் வேண்டாம். வில்ஃப் இதில்தான் போகிறான்.

1917. கட்டம் காலி.
1918. காலி.
1921. கோழி, மூன்று. கையெழுத்து வேறு.

பிறகு தறையாணி போய்ப் பற்றவைப்பு வந்தது.
அடுத்த போரில் கிரேன் ஓட்டிய டோரின் ஸ்வாபி
சம்பளம் பாதிதானா என்று ஒரு மத்தியானம் முழுக்க
இரும்புத் தகட்டை அந்தரத்திலேயே தொங்கவிட்டாள்.
முதலாளி மூன்று முறை மாறினார். அக்கரை மாறவில்லை.

இப்போது மணல் படகுகளுக்கு அடித்தகடு மாற்றுகிறோம்.
போன செவ்வாய் ஒன்றை இறக்கினோம்.
அலை ஒரு வாத்தை இடம் மாற்றியது.
சாயங்காலம் பாலத்தைச் சுற்றி வந்தான் கிரேக் எல்லர்பி,
சீட்டை நீட்டினான்: கோழி, பதினான்கு.
அவன் கோழி வளர்ப்பதில்லை. கேரவன் வாடகைக்கு விடுகிறான்.
கிழமையைத் தப்பாக எழுதியிருந்தான்.
திருத்தி, ஏற்றினேன்.