ஒரு கட்டையில் ஐந்து ஊர்

கென்ட் நகரில் சனிக்கிழமைச் சந்தை.
மழைக்குப் பிளாஸ்டிக் விரித்து
அதனடியில் ஐரோப்பாவை அடுக்கியிருக்கிறேன்,
அகர வரிசையில்.
விலை பின்பக்கம், பென்சிலில்.
பேரம் உண்டு, பத்து மணிக்கு மேல்.

முதலில் வந்தவர் வெண்டலின்,
ஓய்வுபெற்ற ரயில் கார்டு.
தன் ஊரைக் கேட்டார். இருந்தது:
மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பழைய தாள்.
மதில், ஏழு கோபுரம், ஆறு,
ஆற்றில் படகு,
துடுப்பைத் தூக்கிய ஒருவன்,
வானத்தில் பெரிய எழுத்தில் ஊரின் பெயர்.

கண்ணாடியைக் கழற்றி
மூக்கு தாளில் படக் குனிந்தார்.
"இந்தக் கோபுரத்தில் ஓட்டை தெரிகிறதா, கோடலீவ்?
ஸ்வீடன்காரன் பீரங்கி.
இன்னும் நாங்கள் அதைப் பூசவில்லை."

அந்த ஸ்வீடன்காரனைவிடத் தாளுக்கு
எண்பது வயது அதிகம்.
சொல்லவில்லை.
விற்கிறவளுக்கு வாய் எதற்கு?

மதியம் ஸ்டிஸ்லவா,
இரவுப் பணி முடித்த செவிலி, மொராவியாக்காரி.
அவள் ஊரும் இருந்தது.
அதே மதில். அதே ஏழு.
துடுப்பு அதே உயரத்தில்.
"ஐயோ, இந்த ஜன்னல்!
மணியடிப்பவர் மகள்
இங்கேதான் காலுறை காயப் போடுவாள்."
சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.

கட்டை ஒன்றுதான்.
அச்சகத்தான் சிக்கனக்காரன்,
பெயரை மட்டும் மாற்றி மாற்றி
ஐந்து ஊருக்கு ஒட்டினான்.
பீரங்கியுமில்லை, ஜன்னலுமில்லை,
மரத்தைப் புழு அரித்த இடம்.
மை பிடிக்காமல்
வெள்ளையாக விழுந்த ஒரு புள்ளி.
அதற்குத்தான் இத்தனை கண், மூக்கு.

கடை கட்டும் நேரம்.
வாஃபிள் கடை மேசையில்
இரண்டு தாளும் அருகருகே விரிந்திருக்கின்றன,
மூலைகளில் காபிக் கோப்பைகள்.
இரண்டு தலைகள் குனிந்தபடி.

மாட்டிக்கொண்டேன்.
பணத்தைத் திருப்பித் தர டப்பாவைத் திறந்து வைத்தேன்.

சேர்ந்தே வந்தார்கள்,
கேள்வி அவளுடையது:
"இந்தப் படகுக்காரன்
என் ஊரிலிருந்து இவர் ஊருக்குப் போகிறானா,
அங்கிருந்து வருகிறானா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
முகம் என்று ஒன்றுமில்லை,
இரண்டு கீறல்.
துடுப்பிலிருந்து சொட்டும் நீரைக்கூட
ஒருவன் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான்.

"வெறும் படகு," என்றேன்,
"ஆளை ஏற்றப் போகிறான்."

வெண்டலின் டப்பாவைத் தானே மூடினார்.
சர்க்கரைத் தூள் ஒட்டிய விரல்.
மழை வலுத்தது.