பத்தொன்பதில் ஒரு பங்கு

நந்தம்பாக்கத்தில் பந்தல்.
முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை,
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்,
எங்கள் பத்தொன்பது பேருக்கும்
குத்திக்கொள்ள ஒரு மூவண்ண ரிப்பன்.
ஊக்கு மழுங்கியிருந்தது,
புடவைக்குள் இறங்க மாட்டேன் என்றது.

ஏழாவதாய் வந்தது
அறுபத்தெட்டாம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
வண்டலூரில் பிறந்தது, சிங்கிள் ஓனர்
என்றார் மைக் பிடித்தவர்.
மழைக்கு முந்தைய வானத்தின் நிறம்.
புதுப்பேட்டையில் சல்லடை போட்டு வாங்கிய
விளக்கு வளையங்கள் மட்டும்
புதுப் பல்செட் மாதிரி பளீரென்றன.

மூன்று லட்சத்தில் தொடங்கியது.
நாலே கால். ஐந்து.
ஆறுக்கு யாரோ அட்டை தூக்கும்போது
பரங்கிமலையை உரசுகிறாற்போல்
இறங்கியது ஒரு விமானம்.
சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.
ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
எந்தச் சக்கரம் முதலில் தரை தொடும் என்று,
சரக்குப் பகுதி வாசலில் நின்று,
கையெழுத்துப் போட மூன்று தாள்களோடு.

அங்கிருந்து பல்லாவரம் வரை
தணிகைவேலைக் கொண்டுவந்த லாரியின் எண்
எனக்கு மனப்பாடம்.
மேல்நோக்கி ஓர் அம்பு, பிறகு எண்கள்.
அதை யாரும் மெருகேற்றி ஏலம் விடப்போவதில்லை.
இந்நேரம் ஏதோ ஒரு மலைப்பாதையில்
முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகும்.
போகட்டும்.

பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.
ஒருதரம், இரண்டுதரம்.
மூன்றாந்தரத்துக்குள் வகுத்து முடித்துவிட்டேன்.
தலைக்கு அறுபதாயிரம். மீதியில்லை.
அப்படியானால் இந்தக் காரில்
என்னுடையது எது?
டிக்கியும் ஸ்டெப்னியுமா?
பக்கத்து நாற்காலி ஜெயசீலிக்கு,
பையனுக்குக் காது ஆபரேஷன் இருக்கிறது,
இடப்பக்கக் கதவைக் கொடுத்துவிடலாம்.
எனக்கு ஸ்டீயரிங் போதும்.
மகளின் பாலிடெக்னிக், ஹாஸ்டல் போக
கொசுறாய் அந்தக் கியர் குச்சி.

"வீரரின் மனைவி திருமதி தமயந்தி
சாவியை வழங்குவார்."
எடுத்தவர் அண்ணாநகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.
போட்டோவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
பல் தெரியாமல் இரண்டு பேரும் ஏதோ செய்தோம்.

உட்கார்ந்து சாவியைத் திருகினார்.
இருமியது.
இன்னொரு தரம். கனைத்தது.
மூன்றாந்தரம் அதுவும் இல்லை.
பேட்டரி என்றார் ஒருவர், பெட்ரோல் என்றார் ஒருவர்.
கர்னல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஏழு வருஷமாய்ப் பள்ளி வேன் ஓட்டுகிறேன்,
பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர்.
அழைப்பிதழில் அது இல்லை.
"நகருங்க சார்" என்றேன்.
"எல்லாரும் பின்னாடி போய்த் தள்ளுங்க."

சோக்கை இழுத்து, இரண்டாம் கியர் போட்டு,
கிளட்ச்சை மிதித்துக் காத்திருந்தேன்.
கஞ்சி போட்ட சட்டைகள் குனிந்தன.
பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்
சில்லறை மாதிரி கேட்டது.
பந்தல் கால்கள் நகர ஆரம்பித்தன.
இன்னும் கொஞ்சம். இன்னும்.
விட்டேன் காலை.

ஒரு குலுக்கல், நீலப் புகை,
பத்தொன்பது பங்கும் ஒரே நேரத்தில் உறுமியது.

"போதும்மா, நிறுத்துங்க" என்று
வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் டைல்ஸ்காரர்.
நிறுத்தினால் மறுபடி தள்ளணும், சார்.
ஏறிக்குங்க.
கத்திப்பாரா தாண்டி ஒரு சுற்று போய்வந்தால்தான்
பேட்டரிக்கு உயிர் வரும்.

ஏறினார்.
இடப்பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை.
அது ஜெயசீலி பங்கு,
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.
கையால் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.