நான்கு ராத்தல் காற்று

மைனஸ் இருபத்தாறில் கார் கிளம்ப மறுத்த அன்று
மகன் விட்டுப்போன கோடைக்கால சைக்கிளைக்
கொட்டகையிலிருந்து உருவி எடுத்தேன்.
விமான நிலையத்தில் இரவு வேலை எனக்கு.
இறக்கைகள்மேல் உறைந்து கிடப்பதைச்
சுடுதிரவம் பீய்ச்சிக் கரைப்பேன்.
பத்தொன்பது வருடம்.
பனி என்றால் அகற்ற வேண்டிய ஒன்று,
அவ்வளவுதான்.

திரும்பும்போது விடிகாலை ஆறு மணி.
ஃபேர்பேங்க்ஸில், ஜனவரியில்,
விடிகாலை என்பது இருட்டுக்குத் தரும் மரியாதை.
சாலை நடுவே ஒரு மூஸ் மான்
வாடகை பாக்கி கேட்க வந்ததுபோல் நின்றது.
காதுகளைப் பின்னுக்கு மடித்தது.
அதனோடு வாதாட ஏலாது.
வலப்பக்கம், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே
நாய்வண்டிக்காரர்கள் போட்ட தடம்.
திருப்பினேன்.

இருபது கஜம் இருக்கும்.
அந்த இருபது கஜமும் தடம் கெட்டி.
விளக்கு வட்டத்துக்குள் மரங்கள்
ஒவ்வொன்றாய் எழுந்து வந்து விலகின.
என் மூச்சு, சங்கிலி, வேறு சத்தமில்லை.
பிறகு முன்சக்கரம்
பஞ்சில் ஊசியாய் இறங்கி நின்றுவிட
நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன்.

வாய் நிறையப் பனி. கழுத்துக்குள் பனி.
படுத்தபடியே சிரித்தேன்.
மூஸைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
டெர்ல் ஓஸ்ட்பி, தாடியெல்லாம் கிரீஸ்,
"சாலைக்கா, தடத்துக்கா?" என்றான்.
"தடத்துக்கு,"
வாழ்நாளெல்லாம் அங்கேயே திரிந்தவள்போல்
சொல்லிவிட்டேன்.

அவன் காட்டிய டயர் என் தொடைப் பருமன்.
கார்பன் வண்டியை ஒற்றை விரலால் தூக்கினான்.
விலையை என்னால்
இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை.
"எண்ணெய் பிரேக் வேண்டாம்,
நாற்பதுக்குக் கீழே அது தேனாகிவிடும்,
கம்பியே போதும்.
ஆணி டயர், ஆற்றின்மேல் போவதென்றால்."
ஆற்றின்மேல்.
எதிர்வீட்டுக்கு என்பதுபோல் சொன்னான்.

மூலையில் ஒரு பழைய இரும்புவண்டி.
கடுகு மஞ்சள். மேல்குழாயில் ஒரு நெளிவு.
சொந்தக்காரி ஹவாய்க்குக் குடிபோய்விட்டாளாம்.
"ஏனாம்?"
"முழங்கால்," என்றான்.
சற்றுக் கழித்து, "கணவனும்தான்."
கைப்பிடிகளில் தலையணை உறைபோல் இரண்டு பைகள்.
கையை நுழைத்தேன்.
உள்ளே வேறொருத்தியின் எலுமிச்சை மிட்டாய் ஒன்று,
காகிதம் பிரிக்காமல்.
வாங்கிவிட்டேன், வண்டியையும்.

டெர்ல் வால்வை அழுத்தினான்.
புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது.
நான் காசு கொடுத்த காற்று.
"நான்கு ராத்தல் போதும். புதுப்பனியென்றால் மூன்று.
கட்டைவிரலால் அழுத்திப் பார்:
பழுத்திருக்க வேண்டும்,
அழுகியிருக்கக் கூடாது."

ஞாயிறு, அதே தடம்.
டயர் தன் உள்ளங்கையை விரித்தது.
அமுங்கியது, மூழ்கவில்லை.
உருளைக்கிழங்கு மாவைக் கிள்ளினால் வருமே,
அந்த நெறுநெறுப்பு அடியிலிருந்து ஏறி
பல்வரை வந்தது.
மெதுவாகத்தான் போனேன்.
நாலுகால் பிராணி எதுவும் என்னை முந்தியிருக்கும்.

முந்தியது.
பின்னாலிருந்து ஒரு குரல்: "தடம்!"
இறங்கி, வண்டியை ஓரத்துக்கு இழுத்து
இடுப்பளவு பனிக்குள் நின்றேன்.
பதினொரு நாய்கள், பதினொரு நாக்குகள்,
சறுக்குவண்டியில் ஒருத்தி கையுறையை உயர்த்தினாள்.
போய்விட்டார்கள்.
அவர்கள் விட்டுப்போன மூச்சு மட்டும்
கொஞ்ச நேரம் தடத்தின்மேல் நின்றது.
அதற்குள் புகுந்து ஓட்டினேன்.
மேட்டில் முடியவில்லை, தள்ளினேன்.
இன்னொரு மேடு. தள்ளினேன்.
மிட்டாய் கல்லாய்க் கிடந்தது வாயில்,
வீடு வந்தபோதும் பாதி மிச்சம்.

திங்கள் இரவு, தூக்கிக் கூண்டிலிருந்து எட்டி
இறக்கைமேல் புதிதாய் விழுந்திருந்ததைக்
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
பழுத்திருந்தது.
பிறகு கரைத்தேன்.
சியாட்டல் விமானம், ஏற்கனவே தாமதம்.