ரவை ஊற்றுமுன்

ஹலசூருச் சந்தைக்குப் பின்னால்
நின்றுகொண்டே தின்னும் அந்தக் கடையில்
காலை ஆறு பத்துக்கு
தோசைக்கல் எனக்குச் சொந்தம்.
ஆறரைக்கு முதல் ரவா தோசை விழும்.
அப்புறம் எனக்கு அது
எல்லைக்கல்.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
இந்திரா நகர், தொம்லூர்,
ஒயிட்ஃபீல்டில் ஒரு பதினெட்டு மாடி.
மதியம் எங்கே இருப்பேன் என்று
காலையில் எனக்கே தெரியாது.
வயிறு மட்டும் தவறாமல் கூட வருகிறது.

மூன்று வருடம்
எந்தக் கட்டடத்துக்குப் போனாலும்
மெஷின் ரூமுக்கு முன்னால் கழிப்பறையைத்தான் தேடினேன்.
ரத்தம் குறைந்தது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.
கடைசியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
ஒரே சொல்லில் முடித்தார்: கோதுமை.
அதன் பங்காளிகளையும் எழுதிக் கொடுத்தார்:
மைதா, ரவை, சேமியா, பார்லி.
ஒளிந்திருப்பவை அந்தச் சீட்டில் இல்லை.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்திருக்கிறீர்களா?
பொடி எழுத்தில், பிசினுக்குப் பக்கத்தில்
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும்
கோதுமை மாவு.
அன்றோடு போயிற்று கடைச் சாம்பார்.
உளுந்து வடை உளுந்துதான், சத்தியம்.
ஆனால் அதே எண்ணெயில்
சற்றுமுன் குளித்துவிட்டுப் போனது மங்களூர் போண்டா.

‘ஒரு துளியில என்ன சார் ஆயிடப்போகுது?’
கேட்பவர்கள் நல்லவர்கள்.
சேமியா பாயசத்தை என் பக்கம் தள்ளுகிறவர்கள்.
நான் வாதாடுவதில்லை.
வடக்கம்பியில் ஒரு இழைதானே அறுந்திருக்கிறது என்று
எந்தக் கட்டடத்திலும் நான்
கையெழுத்துப் போட்டதில்லை.

சதானந்த பூஜாரி அப்படிக் கேட்கவில்லை.
முதல் நாள் நான் இழுத்து இழுத்துச் சொன்னதை
கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.
‘கோதி ஆகல்வா?’
அவ்வளவுதான்.
மறுநாள் கல் துடைக்க
எனக்கென்று பாதி வெங்காயம் வெட்டி வைத்திருந்தார்.
பொதுத் துடைப்பம் என் தோசைப் பக்கம் வராது.
தட்டின் மேல் வாழையிலைத் துண்டு,
சட்டைப் பையிலிருந்து என் பொடி டப்பா:
மிளகாய், உளுந்து, எள். காயம் கிடையாது.
சட்னி வேண்டாம்.
தாளிப்பில் யார் யார் இருக்கிறார்களோ.

போன புதன்கிழமை, மழை.
சுடச்சுட இரண்டு தோசை.
ஒரு துண்டைப் பிய்த்துப் பொடியில் தொட்டுவிட்டேன்.
உள்ளேயிருந்து ஓடிவந்தார் பூஜாரி,
முழங்கை வரை மாவு.
‘பேட சார், பேட!’
தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.
காபி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும்
காசு கொடுக்காமல் தின்றவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்கள்.

ராத்திரி அந்தக் கல்லில் பரோட்டா போட்டிருக்கிறார்கள்.
ஏதோ ஆர்டராம், எழுபது.
பையன் இப்போதுதான் வாய் திறந்தான்.
‘தேய்ச்சு வெச்சேங்கறான் சார்.
ஆனா நான் பாக்கல.’

நான் பார்க்கவில்லை.
இருபது வருடமாக
என் தொழிலில் நான் சொல்லும் அதே சொல்.
வேறொருவர் வாயிலிருந்து
அன்றுதான் கேட்டேன்.

டோக்கன் காசு திரும்பி வந்தது,
கூடவே இரண்டு பச்சைப் பழம், ஒரு காபி.
மன்னிப்பெல்லாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.
ஆறரை ஆகிவிட்டது.
சொய்யென்று ரவை விழுந்தது கல்லில்.

ஒயிட்ஃபீல்டில்
பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து
இரண்டாவது பழத்தை உரித்தேன்.
பசிதான்.
கீழே யாரோ பொத்தானை
விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.
அழுத்தட்டும்.
நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.